கடன் வாங்காமல் கழித்தல்: குச்சிக்கட்டு வைத்துச் சொல்லித்தரும் முறை

இரண்டாம் வகுப்பிலும் மூன்றாம் வகுப்பிலும் கழித்தல் சொல்லித்தந்தே என் வேலை நாட்களில் பாதி போயிருக்கும். முதல் சில வருடங்கள் எனக்கு எப்படிச் சொல்லித்தந்தார்களோ அப்படியேதான் நானும் சொன்னேன். "ரெண்டுல ஏழு போகாது. பக்கத்து வீட்டுல ஒண்ணு கடன் வாங்கு."

ஒரு நாள் ஒரு பையன் 52-லிருந்து 27-ஐக் கழித்துக்கொண்டிருந்தான். ஐந்தை அடித்து நான்கு என்று எழுதினான். சரி. இந்தப் பக்கம் இரண்டை அடித்து மூன்று என்று எழுதினான். "என்னடா இது?" என்றேன். "ஒண்ணு கடன் வாங்கினேன் டீச்சர். ரெண்டும் ஒண்ணும் மூணு. மூணுலயும் ஏழு போகலை. இன்னொண்ணு வாங்கட்டுமா?"

அவன் நான் சொன்னதைத்தான் செய்திருக்கிறான். "ஒண்ணு வாங்கு" என்றேன், வாங்கினான். அந்த ஒன்று பத்தாக மாறி வருகிறது என்று நான் சொல்லவும் இல்லை, காட்டவும் இல்லை.

அதற்கப்புறம் "கடன்" என்ற சொல்லை வகுப்பில் எடுப்பதில்லை. சில பாடநூல்களில் "இனமாற்றம்" என்று இருக்கும். பெரியவர்களுக்குச் சரியான சொல்தான், ஏழு வயதுப் பிள்ளைக்கு அதில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. என் வகுப்பில் சொல்வது "கட்டைப் பிரி". அப்படிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் பிள்ளையின் கையில் ஒரு கட்டு இருக்க வேண்டும். அதனால் குச்சியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

குச்சி சேர்ப்பது

நான்கு பேர் கொண்ட குழுவுக்கு 120 குச்சி. எட்டுக் குழு என்றால் 960, உடைவதற்கும் தொலைவதற்கும் சேர்த்து ஆயிரம். ஈர்க்குச்சியை விரல் நீளத்துக்கு வெட்டினால் போதும். நீளக் குச்சி வேண்டாம், பக்கத்தில் இருப்பவன் கண்ணுக்கு ஆபத்து. ஐஸ் குச்சி கிடைத்தால் இன்னும் நல்லது, வழுக்காது, முனையும் மழுங்கி இருக்கும். கட்ட ரப்பர் பேண்ட். நூல் வைத்து ஒரு வருடம் முயன்று பார்த்தேன். முடிச்சுப் போடத் தெரியாத பிள்ளைகளுக்கு நானே போட்டுக்கொண்டிருந்ததில் பாட வேளை முழுதும் போய்விட்டது.

கூழாங்கல், மணி, விதை எதுவும் இதற்குச் சரிவராது. எண்ணலாம், கட்ட முடியாது. மாண்டிசோரி வகுப்புகளில் தங்க நிற மணிகள் உண்டு: ஒற்றை மணி, பத்து மணி கோத்த கம்பி, நூறுக்குச் சதுரம், ஆயிரத்துக்குக் கனசதுரம். ஒன்று, பத்து, நூறு அளவுகளில் செய்த டீனஸ் கட்டைகளும் ஏறக்குறைய அதே ஏற்பாடுதான். பார்க்க மிக அழகு. ஆனால் அந்தப் பத்துக் கம்பியைப் பிரிக்க முடியாது. அதைக் கொடுத்துவிட்டு, பெட்டியிலிருந்து பத்து ஒற்றை வாங்கிக்கொள்ள வேண்டும். மாற்றிக்கொள்வது வேறு, பிரிப்பது வேறு. குச்சிக்கட்டில் பத்து ஒன்றுகள் உள்ளேயே இருக்கின்றன, அவிழ்த்தால் அதே குச்சிகள்தான் வெளியே வரும். ஆணிமணிச் சட்டம் இன்னும் ஒரு படி கடினம். அங்கே ஒரே அளவு மணி, எந்த ஆணியில் இருக்கிறது என்பதை வைத்தே பத்தா ஒன்றா என்று சொல்ல வேண்டும். என் வரிசை குச்சி, பிறகு டீனஸ் கட்டை, பிறகு சட்டம். கட்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. குச்சியை மட்டும் விடாதீர்கள்.

முதல் நாள்: எண்ணவிடாமல் எண்ணச்சொல்வது

கட்டாத குச்சிகளை ஒவ்வொரு குழுவின் நடுவிலும் கொட்டுங்கள். முதல் ஐந்து நிமிடம் எதுவும் சொல்லாதீர்கள். வீடு கட்டுவார்கள், பெயர் எழுதுவார்கள், வாள் சண்டை போடுவார்கள். அதை முதலிலேயே தீர்த்துவிட்டால் பிறகு பாடத்தின் நடுவில் வராது.

அப்புறம் "எத்தனை குச்சி இருக்கு, சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு, அவர்கள் எண்ணும்போது வேண்டுமென்றே தொந்தரவு செய்வேன். ஐம்பதை நெருங்கும் பிள்ளையிடம் போய் "உன் பை எங்கே?" என்பேன். கணக்கு விட்டுப்போகும். மறுபடி ஒன்றிலிருந்து. மூன்றாவது தடவை யாராவது ஒரு பிள்ளை கோபத்தில் குச்சிகளைச் சின்னச் சின்னக் கும்பலாக ஒதுக்க ஆரம்பிப்பாள். ஐந்தைந்தாக இருக்கலாம், இருபதிருபதாகக்கூட இருக்கலாம். அந்தக் குழுவை எல்லோருக்கும் காட்டி, "இவங்களை இப்போ தொந்தரவு செய்தா என்ன ஆகும்?" என்று கேட்டால், கட்டுவது எதற்கு என்று நான் விளக்க வேண்டியதில்லை. எல்லோரும் ஒரே அளவில் கட்டினால்தான் குழுக்களை ஒப்பிட முடியும், ஆகவே பத்து. ரப்பர் பேண்டை அப்போதுதான் வெளியே எடுப்பேன்.

கட்டை அவர்களே கட்ட வேண்டும். இதில் மட்டும் நான் பிடிவாதம். முந்தைய நாள் இரவு உட்கார்ந்து நானே கட்டிக்கொண்டு போன வருடத்தில், பாதிப் பிள்ளைகளுக்கு அது "கட்டு" என்ற ஒரு பொருளாகவே இருந்தது, உள்ளே பத்து இருக்கிறது என்ற எண்ணமே இல்லை. அவர்கள் கட்டினால் ஒன்பதும் பதினொன்றும் வரும். குழுவுக்கு ஒருவரைச் சரிபார்க்க வையுங்கள். பதினொன்று உள்ள கட்டைக் கண்டுபிடிப்பதில் அவர்களுக்கு இருக்கும் ஆனந்தம் வேறு எதிலும் இல்லை.

பிறகு ஓர் அட்டை. நடுவில் கோடு, இடது பக்கம் "கட்டு", வலது பக்கம் "உதிரி". பத்துகள், ஒன்றுகள் என்ற பெயர்களை இரண்டு வாரம் கழித்துச் சொன்னால் போதும். ஒரே ஒரு விதி: உதிரிப் பக்கம் பத்து சேர்ந்தால் கட்டிவிட வேண்டும்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. குழுவை வட்டமாக உட்காரவைத்தால் எதிரே இருக்கும் பிள்ளைக்குக் கட்டு வலது பக்கமும் உதிரி இடது பக்கமும் தெரியும். 25-ஐ அவள் 52 என்று எழுதினால் அது அவள் தவறு அல்ல, உட்காரவைத்தவர் தவறு. எனக்கு இது புரிய மூன்று வருடம் ஆனது. நால்வரும் அட்டைக்கு ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். இடம் இல்லையென்றால் இரண்டு பேருக்கு ஓர் அட்டை.

எண்ணின் பெயர் செய்யும் குறும்பு

தமிழ் எண்ணுப்பெயர்கள் பெரும்பாலும் நமக்கு உதவியாகவே இருக்கின்றன. பதிமூன்று என்றால் பத்து முதலில், மூன்று பிறகு. எழுதும் வரிசையும் அதுவே. இருபது, முப்பது, நாற்பது என்று போகும்போது இரண்டு கட்டு, மூன்று கட்டு, நான்கு கட்டு என்று காதில் விழுகிறது. எண்பது வரை தொல்லை இல்லை. அதன் பிறகு தொண்ணூறு! "நூறு" என்று காதில் விழுகிறதே என்று அதை 900 என்று எழுதிய பிள்ளையைப் பார்த்திருக்கிறேன். 900-க்கோ தொள்ளாயிரம் என்று பெயர், அதில் ஆயிரம் ஒளிந்திருக்கிறது. ஒன்பதுக்குத் தொண்டு என்ற பழைய பெயர் இருந்தது என்பதெல்லாம் பிள்ளைகளுக்கு வேண்டாம். ஒன்பது கட்டைக் கையில் கொடுத்து, "இதுக்குப் பெயர் மட்டும் கொஞ்சம் வேடிக்கையா இருக்கும்" என்று சொல்லிவிட்டால் ஏற்றுக்கொள்வார்கள்.

இன்னொன்று, இருபத்தைந்தை 205 என்று எழுதுவது. இருபது எழுதியாயிற்று, பக்கத்தில் ஐந்து. இதைத் திட்டக் கூடாது. பழைய தமிழ் எண்களில் 25-ஐ ௨௰௫ என்றுதான் எழுதினார்கள். இரண்டு, பத்து, ஐந்து, காதில் கேட்கும் வரிசை அப்படியே. பத்துக்குத் தனிக் குறி இருந்த காலத்துக்கு அது சரி. இப்போது பத்துக்குக் குறி இல்லை, இடம்தான் இருக்கிறது. அட்டையில் இரண்டு கட்டும் ஐந்து உதிரியும் வைத்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் எண் அட்டை மட்டும் வைக்கச்சொன்னால் நடுவில் இருக்கும் பூச்சியத்துக்கு இடம் கிடைக்காமல் தானே போய்விடும்.

பகடை

கூட்டலைச் சீக்கிரம் தாண்டலாம். 38-ம் 25-ம் சேர்த்தால் உதிரி 13, பத்தைக் கட்டி இடது பக்கம் தள்ளு, 63. இரண்டு நாள் போதும்.

நேரம் செலவழிக்க வேண்டியது அதற்கு அடுத்த விளையாட்டில். 120 குச்சி நான்கு பேருக்கு முப்பது முப்பதாகப் பிரியும். ஆளுக்கு மூன்று கட்டு, உதிரி எதுவும் இல்லை. பகடையை உருட்டி, விழுந்த எண்ணிக்கையைப் பெட்டியில் போட வேண்டும். கை முதலில் காலியாகிறவர் ஜெயித்தவர்.

முதல் உருட்டில் நான்கு விழும். பிள்ளை தன் அட்டையைப் பார்க்கும், என்னைப் பார்க்கும். "உதிரியே இல்லை டீச்சர்." நான் ஒன்றும் சொல்வதில்லை. இந்தப் பாடத்தில் ஆசிரியர் செய்ய வேண்டிய மிகக் கஷ்டமான வேலை இதுதான், வாயை மூடிக்கொண்டு அரை நிமிடம் நிற்பது. யாரோ ஒருவர் ரப்பர் பேண்டைக் கழற்றுவார். சொல்லிக்கொடுக்காமலே கட்டு பிரிந்துவிடும்.

சில பிள்ளைகள் வேறு மாதிரி செய்வார்கள். ஒரு முழுக் கட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு ஆறு குச்சியைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். முன்பெல்லாம் "அப்படி இல்லை" என்று திருத்திக்கொண்டிருந்தேன். திருத்தவே தேவையில்லாத ஒன்றைத் திருத்தியிருக்கிறேன். பத்தைக் கொடுத்து மீதி வாங்குவது மனக்கணக்குக்கு அருமையான வழி. அந்தப் பிள்ளையை எழுந்து நின்று எல்லோருக்கும் சொல்லச் சொல்லுங்கள்.

இந்த விளையாட்டை ஒரு வாரம் தினமும் கால் மணி நேரம் ஆடவிடுங்கள். பகடை இல்லையா, ஒன்று முதல் ஆறு வரை எழுதிய துண்டுச் சீட்டுகள் போதும்.

52-லிருந்து 27

இப்போது கணக்கு. ஐந்து கட்டு, இரண்டு உதிரி. கூட்டலில் பழகிய கை, 27-ஐயும் தனியாகக் குச்சியில் எடுத்துவைக்கப் பார்க்கும். விடாதீர்கள். வைத்தால் எதை எடுப்பது எதிலிருந்து எடுப்பது என்று குழம்பும். 27 சீட்டில் மட்டும் எழுதி இருக்கட்டும், எடுக்க வேண்டியது 52-லிருந்துதான்.

ஏழு உதிரி வேண்டும், இரண்டுதான் இருக்கிறது. ஒரு கட்டைப் பிரித்து உதிரிப் பக்கம் வைத்தாயிற்று. நான்கு கட்டு, பன்னிரண்டு உதிரி. இங்கே நிறுத்துங்கள். "இப்போ மொத்தம் எத்தனை குச்சி இருக்கு?" என்று கேளுங்கள்.

42 என்பார்கள், 62 என்பார்கள், சிலர் மறுபடி முழுவதும் எண்ணுவார்கள். எண்ணட்டும். 52 என்று வரும்போது ஒரு பிள்ளை முகத்திலாவது ஆச்சரியம் தெரியும். ஒவ்வொரு கணக்கிலும், பிரித்தவுடன் இதே கேள்வி. "என்ன டீச்சர், எதையும் எடுக்கவே இல்லையே, அதேதான் இருக்கும்" என்று சலித்துக்கொண்டு பதில் சொல்லும் நாள் வரை கேட்டுக்கொண்டே இருங்கள். அந்தச் சலிப்பு வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

பிறகு ஏழு உதிரி எடுத்தால் ஐந்து, இரண்டு கட்டு எடுத்தால் இரண்டு. 25. கட்டை முதலில் எடுத்துவிட்டு உதிரிக்குப் பிறகு வரும் பிள்ளைக்கும் 25-தான் வரும். குச்சியில் எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாலும் ஒன்றுதான். தாளில் வலமிருந்து ஆரம்பிப்பது, எழுதிய விடையை அடிக்காமல் இருக்கும் வசதிக்காக மட்டுமே.

குச்சியிலிருந்து தாளுக்கு

பெரும்பாலான வகுப்புகளில் இது இங்கேதான் உடைகிறது. ஒரு வாரம் குச்சி விளையாட்டு, திங்கட்கிழமை கரும்பலகையில் எண். பிள்ளைகளுக்கு இரண்டும் தனித்தனிப் பாடம். குச்சியில் சரியாகச் செய்யும் பிள்ளை தாளில் பழையபடி தவறு செய்யும்.

உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960-களில், கையால் செய்வது, படமாகப் பார்ப்பது, குறியீடாக எழுதுவது என்று மூன்று வகையாக அறிவு நிற்கிறது என்று சொன்னார். ஆசிரியர் பயிற்சியில் எல்லோரும் படித்ததுதான். ஆனால் ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறோம். மூன்றும் கொஞ்ச நாள் ஒன்றாக ஓட வேண்டும்.

நான் செய்வது: இருவரில் ஒருவர் கை, ஒருவர் பென்சில். கை ஓர் அசைவு செய்தால் பென்சில் அதை உடனே எழுத வேண்டும், எழுதும் வரை கை காத்திருக்க வேண்டும். கட்டைப் பிரித்ததும் பென்சில் ஐந்தை அடித்து மேலே 4, இரண்டை அடித்து மேலே 12. அப்படி எழுதும்போது 12 எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் சந்தேகம் வராது, அட்டையில் கிடக்கிறதே. அடுத்த கணக்குக்கு வேலையை மாற்றிக்கொள்வார்கள். எல்லாம் முடித்த பிறகு விடையை மட்டும் எழுதினால் பயன் இல்லை.

அதன் பிறகு குச்சிக்குப் பதில் படம், கட்டுக்கு ஒரு நீளக் கோடு, உதிரிக்குப் புள்ளி. கட்டைப் பிரித்தால் கோட்டை அடித்துப் பத்துப் புள்ளி. இது சீக்கிரம் அலுத்துப்போகும். அலுக்கட்டும்.

குச்சியை எப்போது விடுவது என்று பலர் கேட்கிறார்கள். நான் குச்சியை அட்டையோடு ஒரு துணியால் மூடிவிடுவேன். "உள்ளே அஞ்சு கட்டு, ரெண்டு உதிரி இருக்கு. ஏழு வேணும். என்ன செய்வே?" துணியைப் பார்த்துக்கொண்டே "ஒரு கட்டைப் பிரிப்பேன், நாலு கட்டு, பன்னிரண்டு உதிரி" என்று சொல்லும் பிள்ளைக்கு இனிக் குச்சி தேவையில்லை. துணியைத் தூக்கிப் பார்க்கிற பிள்ளைக்கு இன்னும் நாள் இருக்கிறது.

நடுவில் பூச்சியம்

203-லிருந்து 47. இரண்டு குழுவைச் சேர்த்து உட்காரவைத்தால் 240 குச்சி ஆகிறது. பத்துக் கட்டை ஒன்றாகக் கட்டினால் பெருங்கட்டு. இரண்டு பெருங்கட்டு, கட்டு இல்லை, மூன்று உதிரி. ஏழு வேண்டும். பிரிக்கக் கட்டே இல்லை. பெருங்கட்டைப் பிரித்தால் பத்துக் கட்டு, அதில் ஒன்றைப் பிரித்தால் ஒன்பது கட்டு, பதின்மூன்று உதிரி. பூச்சியத்தின் தலைமேல் 9 எங்கிருந்து வந்தது என்று நான் சின்ன வயதில் கேட்டபோது "அப்படித்தான் போடணும்" என்றார்கள். இங்கே ஒன்பது கட்டு கண் முன்னால் கிடக்கிறது. விடை 156.

தவறான விடையைப் படிப்பது

பல வருடம் நான் 52 − 27-ஐத்தான் சோதனைக் கணக்காக வைத்திருந்தேன். தவறு செய்பவர்கள் எல்லோரும் 35 என்று எழுதுவார்கள். எல்லோருக்கும் ஒரே வியாதி என்று நினைத்து ஒரே மருந்து கொடுத்தேன். பாதிப் பேருக்குத்தான் பலித்தது.

பிறகுதான் உறைத்தது. 35 இரண்டு வழியில் வருகிறது. பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்கும் பிள்ளை ஏழிலிருந்து இரண்டை எடுத்து 5 என்கிறது, ஐந்திலிருந்து இரண்டு போக 3. இன்னொரு பிள்ளை சரியாகப் பன்னிரண்டிலிருந்து ஏழை எடுத்து 5 என்கிறது, ஆனால் இந்தப் பக்கம் ஐந்தை நான்காகக் குறைக்க மறந்துவிட்டது, அதனால் 3. ஒரே 35, உள்ளே இரண்டு வேறு எண்ணம். ஒன்றுகள் இரண்டுக்கும் வித்தியாசம் ஐந்தாக இருந்தால் எந்தக் கணக்கிலும் இப்படி ஆகும்.

இப்போது சோதனைக்கு 53 − 27 வைக்கிறேன். சரியான விடை 26. பெரியதிலிருந்து சின்னதைக் கழித்தவர் 34 என்பார். குறைக்க மறந்தவர் 36 என்பார். 80 என்றால் கூட்டிவிட்டார், அது வேறு விஷயம், குறியைப் பார்க்கவில்லை. 25-ஓ 27-ஓ வந்தால் எண்ணும்போது வழுக்கியிருக்கிறது, பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற ஆய்வாளர்கள் இருவர் 1978-ல் இத்தகைய கழித்தல் தவறுகளை அலசி, பல பிள்ளைகள் கவனக்குறைவால் தவறு செய்வதில்லை, ஒரு தவறான விதியை ஒழுங்காகப் பின்பற்றுகிறார்கள் என்று காட்டினார்கள். என் கடன் வாங்கிய பையனைப் போல.

34 எழுதியவர்களை மறுபடி பகடைக்கே அனுப்புகிறேன், கட்டைப் பிரிக்கும் எண்ணமே இன்னும் அவர்களுக்கு வரவில்லை. 36 எழுதியவர்களுக்கு அது வேண்டாம், கையும் பென்சிலும் போதும். "இப்போ மொத்தம் எத்தனை குச்சி?" என்ற கேள்வியை அவர்களிடம்தான் அதிகம் கேட்க வேண்டும். தாளில் ஐந்து அப்படியே இருக்க, பக்கத்தில் 13 இருந்தால் மொத்தம் 63. பத்துக் குச்சி எங்கிருந்து வந்தது என்று அவர்களே விழிப்பார்கள்.

சில்லறை விஷயங்கள்

ரப்பர் பேண்டை வில்லாக்கி அடிப்பார்கள். நான் குழுவுக்கு எண்ணிப் பன்னிரண்டு கொடுத்து, எண்ணித் திரும்ப வாங்குகிறேன். அதற்கு மேல் வழி தெரியவில்லை.

வேகமாக முடிக்கும் பிள்ளைக்கு இன்னும் பத்துக் கணக்கு கொடுப்பது தண்டனை மாதிரி. "விடை 25 வரணும், கட்டைப் பிரிச்சே ஆகணும், அப்படி எத்தனை கணக்கு உன்னால செய்ய முடியும்?" என்று கேளுங்கள். வெகு நேரம் சத்தம் இருக்காது.

வீட்டில் "கடன் வாங்கு" என்றுதான் சொல்லித்தருவார்கள். பிள்ளை "இல்லை, எங்க டீச்சர் பிரிக்கச் சொன்னாங்க" என்று சண்டை போட்டு அழுதுகொண்டு வரும். கட்டைப் பிரிப்பதற்கு வீட்டில் இன்னொரு பெயர், அவ்வளவுதான் என்று இரண்டாவது மாதமே சொல்லிவைத்துவிடுங்கள். ஒரு கணக்கைப் பெற்றோருக்குக் குச்சியில் செய்துகாட்டும் வேலையை வீட்டுப்பாடமாகவும் கொடுக்கலாம்.

குச்சி வேண்டாம், மனத்திலேயே வருகிறது என்னும் பிள்ளையை வற்புறுத்தாதீர்கள். துணிச் சோதனை மட்டும் செய்துவிடுங்கள்.

வருடக் கடைசியில் கட்டுகளை அடுக்கிப் பெட்டியில் வைக்கத் தோன்றும், பார்க்க நேர்த்தியாக இருக்கும். நான் வைப்பதில்லை. கடைசி நாள் பிள்ளைகளை வைத்தே எல்லாவற்றையும் அவிழ்த்து, உடைந்த குச்சிகளை எடுத்துவிட்டு, ஆயிரத்தையும் உதிரியாகவே பெட்டியில் கொட்டி மூடிவிடுகிறேன். ரப்பர் பேண்ட் எப்படியும் அடுத்த வருடத்துக்குள் இற்றுப்போகும். புதிதாக வாங்கிக்கொள்ள வேண்டும்.